நான் குவாவுட்லாக்காரனான கதை

எண்பதுகளின் நடுவில் ஜெர்மனியின் கொலோன் நகரில் ஒரு மெக்சிக்கோ உணவகத்தில் கோப்பை கழுவினேன். முதலாளி ஜெர்மன்காரர். விடுமுறைக்கு ஒருமுறை குவாவுட்லா என்ற மெக்சிக்கோ நகரத்துக்குப் போய்வந்தவர், கடைக்கும் அந்தப் பெயரையே வைத்துவிட்டார். வெந்நீரூற்றுக்கும் புரட்சிக்கும் பேர்போன ஊராம். ஒரு சுவர்ப் படத்தில் ஊற்றில் குளிக்கும் சனம், மறுசுவரில் மீசையும் துவக்குமாகப் புரட்சிக்காரர்.

பரிமாற இருந்த ஒரே மெக்சிக்கோக்காரன் கோபித்துக்கொண்டு போனதும் முதலாளி என் மீசையைப் பார்த்தார். அகன்ற தொப்பி ஒன்றை வைத்து, மரத்தில் செய்த துவக்குச் சன்னங்கள் கோத்த பட்டியை மார்பில் குறுக்காக மாட்டிவிட்டார்.

"இனி நீ குவாவுட்லாக்காரன். பிடிபட்டியெண்டால் நாளைக்கு வேலைக்கு வரத் தேவையில்லை."

அகதி முகாமில் என்னோடு ஒரே அறையில் இருந்த அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். "ஊரிலை இயக்கங்களின்ரை துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனி. இஞ்சை நீயே சன்னம் கட்டிக்கொண்டு சூப் குடுக்கிறாய்!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வேலை போனால் அகதி முகாமில் கிடந்து கூரையைத்தான் பார்க்க வேண்டும். சாப்பிட வரும் ஜெர்மன்காரருக்கோ புரட்சிக் கதை என்றால் சூப் ஆறினாலும் பரவாயில்லை. எங்கள் ஊர் ஒழுங்கையில் நடந்த துவக்குச் சண்டையையே இரண்டு குதிரை சேர்த்து மெக்சிக்கோப் புரட்சியாகச் சொல்லிவிடுவேன்.

ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவர் வயதான பெண்மணி ஒருவரைக் கூட்டிவந்தார். மெய்யாகவே குவாவுட்லாக்காரி. மேசையே என் பக்கம் திரும்பியது. முதலாளி மட்டும் என்னைப் பார்க்கவில்லை. நல்ல காலம், அந்த அம்மா ஸ்பானிய மொழியில் கேட்காமல் ஜெர்மன் மொழியில்தான் கேட்டார்.

"எங்கடை ஊற்றுக்கு இப்பவும் சனம் வருதோ?"

எனக்குத் தெரிந்த வெந்நீரூற்று எங்கள் நாட்டுத் திருகோணமலைக் கன்னியா ஒன்றுதான். வாய் முந்திவிட்டது.

"ஓம். செத்த ஆக்களுக்கு முப்பத்தொராம் நாள் கிரியை செய்ய வருவினம்."

வாடிக்கையாளர் சுவரைப் பார்த்தார். அங்கே நீச்சலுடையில் சனம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அவர் கரண்டியை வைத்துவிட்டார். அதோடாவது நான் நிறுத்தியிருக்கலாம்.

"என்ரை அம்மாவுக்கு என்னாலை செய்ய ஏலாமல் போச்சு" என்றேன். அம்மா போன செய்தி முகாமுக்கு வந்த நாளிலிருந்து ஒருவருக்கும் சொல்லாத பேச்சு அது. தொப்பியும் சன்னமுமாக நின்று அழுதேன்.

"உங்கடை ஊரிலை அப்பிடியோ வழக்கம்?" என்று வாடிக்கையாளர் அந்த அம்மாவைக் கேட்டார்.

அந்தப் பெண்மணி என்னை நன்றாகப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஓம். இவன் எங்கடை ஊர்ப் பிள்ளைதான்."

வேலை தப்பியது. என் அகதி விண்ணப்பம் அப்போதும் அலுவலகத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. விசாரணை இல்லாமல் என்னை ஏற்றுக்கொண்டது குவாவுட்லா மட்டும்தான்.