மாடசாமி காடு எறங்குறவங்க முன்னால வாங்க

நான் ஒரு மடையன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி படித்த பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் அசிங்கம். போன வாரம் மேலகரத்தில் மகள் வீட்டில் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு, தென்காசி வந்து, பண்பொழி போகிற மினி பஸ்ஸில் ஏறினேன். கண்ணை மூடித் தூங்கப் போகிற நேரத்தில் கண்டக்டர் கத்தினார்: "மாடசாமி காடு எறங்குறவங்க முன்னால வாங்க!"

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. எழுந்து நின்று, "அப்படி ஒரு ஸ்டாப்பே கெடையாது" என்றேன்.

கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்போ தெனம் இங்கன எறங்குறவங்கள்லாம் எங்க சார் போறாங்க?"

பஸ் முழுக்கச் சிரிப்பு. ரோஷத்தில் நானும் அங்கேயே இறங்கிவிட்டேன். பண்பொழிக்கு எடுத்த டிக்கெட் கையில் கிடந்து என்னைப் பார்த்துச் சிரித்தது.

இறங்கி நின்ற பிறகுதான் கவனித்தேன், சட்டையெல்லாம் புகையிலை வாசனை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா கம்பெனிக்குக் கொடுக்கப் பீடிக் கட்டுகளை மடியில் வைத்திருந்தார். அந்த வாசனை வந்தால் எனக்குப் பேச்சியக்கா வந்துவிடுவார். பீடித்தட்டை மடியில் வைத்து, இலையைச் சுருட்டிக்கொண்டே, தலை நிமிராமல் தீர்ப்புச் சொல்லுகிற பேச்சியக்கா. எங்கள் ஊர் வனக்குழுவின் தலைவி. நான் செயலாளர். என்ன தகுதி என்று கேட்காதீர்கள். பி.ஏ. முடித்துவிட்டுச் சும்மா இருந்தேன். சும்மா இருக்கிறவனைத்தானே பொதுக்காரியத்துக்குப் பிடிப்பார்கள்.

நான் இறங்கிய இடத்தில் இப்போது வெயிலே தரையில் படவில்லை. நான் செயலாளராக இருந்த காலத்தில் அது மொட்டைப் பொத்தை. பொத்தை என்றால் எங்கள் பக்கத்தில் சிறு கல்குன்று. ஆடு மேய்ந்து, விறகு வெட்டி, முள் கூட மிஞ்சாமல் கிடந்தது. அதை ஊரே சேர்ந்து காடாக்குவது என்று முடிவாயிற்று. கன்று நட்டோம், புங்கை, நாவல், உசிலை என்று. ஆடு உள்ளே போகக் கூடாது என்று தண்டோரா போட்டோம். ஆடுகளுக்குத் தண்டோரா கேட்கவில்லை.

மீறினால் என்ன செய்வது? அபராதம் போடலாம் என்றேன் நான், சட்டம் தெரிந்தவன் மாதிரி. பேச்சியக்கா ஒரு பீடியைக் கட்டி முடித்துவிட்டுச் சொன்னார்: "ரூவா கேட்டா தெருவுக்குத் தெரு சண்டைதாம்லே வரும். எவன் ஆடு கடிக்கோ, அவன் அந்தக் கன்னுக்கும் சுத்தி நிக்கிற கன்னுக்கும் மழை வருத மட்டும் தண்ணி சுமக்கட்டும்."

அந்தத் தண்டனையைக் குத்தகைக்கு எடுத்தவன்தான் மாடசாமி. என் வயசுக்காரன், ஒன்றாகப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டவர்கள். அவனிடம் ஒரு மந்தை ஆடு இருந்தது. ஆடு மேய்க்கிற பொறுமைதான் இல்லை. கோடை மழை நாலு துளி விழுந்து, குற்றாலத்தில் நூல் மாதிரி தண்ணி வருது என்று காதில் விழுந்தால் போதும், மந்தையை அப்படியே விட்டுவிட்டு சைக்கிளை எடுத்துவிடுவான். தண்ணி வராத நாளில் எங்காவது சீட்டு. ஆடுகள் நேராகப் பொத்தைக்குப் போகும், அதுவும் எப்போதும் கிழக்கு மூலைக்கே. விசாரணைக்கு வரும்போது தலையில் குற்றாலத்து எண்ணெய் வழிந்துகொண்டிருக்கும்; ஆட்டுக்குப் பின்னாலேயேதான் நின்றேன் என்று சொல்ல வழியில்லை.

"அக்கா, நான் ஆட்டத் தேடித்தான் போனேன்."

"அருவிக்குள்ளயாலே தேடுன? போய்க் கொடத்த எடு."

மாடசாமி தோளில் குடத்தோடு பொத்தை ஏறுவதைப் பார்க்கப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வருவார்கள். "கொழுந்தனாரே, இடுப்புல வச்சுப் பாரும், சொகமா இருக்கும்!" என்று மதினிமார் கேலி பேசுவார்கள். அவன் எங்கள் குழுவின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே ஊற்றுவான். ஆனால் ஊற்றிவிடுவான். ஒரு கன்றுக்குத் தண்டனை முடிவதற்குள் அவன் ஆடு அடுத்ததைக் கடித்திருக்கும். நானோ குடையைப் பிடித்துக்கொண்டு நிழலில் நின்று மேற்பார்வை பார்ப்பேன். செயலாளர் அல்லவா.

இரண்டு மூன்று கோடை போயிற்று. நான் மாலை போட்டு, பேசி, கை தட்டு வாங்கி நட்டு வைத்த மேற்குப் பக்கமெல்லாம் நாலைந்து இலையோடு குச்சி குச்சியாக வாடி நின்றது. மாடசாமி திட்டித் திட்டித் தண்ணி ஊற்றிய கிழக்கு மூலை மட்டும் ஆள் உயரத்துக்குப் பச்சையாக நின்றது. "மாடசாமி ஜெயிலு" என்று முதலில் ஊர் கேலிதான் பேசியது. பிறகு அது மாடசாமி காடாகிவிட்டது.

ஒருநாள் பார்வையிட வந்த ஓர் அதிகாரி அந்த மூலையில் நின்று அசந்துபோனார். "இது யாருடைய உழைப்பு?" என்றார். நான் தொண்டையைக் கனைப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்: "நானும் என் ஆடும் சார்." அதிகாரி அவன் தோளில் தட்டிக்கொடுத்தார். அவருக்கு வாங்கிய கலர் சோடா பாட்டில் என் கையில் சூடாகிக்கொண்டிருந்தது. அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. வயிறு எரிந்தது என்று சும்மா சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். நிஜமாகவே எரியும், அனுபவித்துச் சொல்கிறேன்.

யோசித்தேன். காடு வேண்டுமென்றால் தண்டனை வேண்டும். தண்டனை வேண்டுமென்றால் ஆடு வேண்டும். எங்கள் வீட்டில் ஆடு கிடையாது. பக்கத்து ஊர் மச்சினனிடம் போய் ஒரு கிடாவை ஓசி கேட்டேன். "எதுக்கு மச்சான்?" என்றான். "மேற்குப் பக்கம் புல்லு நெறையக் கெடக்கு" என்றேன். வனக்குழுச் செயலாளர் சொல்கிற பதிலா இது? அவன் வாயைப் பொத்திக்கொண்டே அவிழ்த்து விட்டான். நல்ல கொழுத்த கிடா. காதில் ஒரு வெட்டு இருந்தது. ஏதோ வேலிக் கம்பியில் கிழிந்திருக்கும் என்று நினைத்தேன்.

பட்டப்பகலில், நாலு பேர் பார்க்கட்டும் என்று, மேற்குப் பக்கம் என் கன்றுகளுக்குள் அதை விட்டேன். அது சாவகாசமாகத் தின்றது. மாலையில் கூட்டம். நான் முன்வரிசையில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மனசுக்குள் புதுக் குடம் வாங்குவதா, பழசே போதுமா என்று ஓடிக்கொண்டிருந்தது.

பேச்சியக்கா கிடாவைப் பார்த்தார். பீடி சுற்றுகிற விரல் நின்றது. அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஏலே, இது சொடலைக்கு நேந்துவிட்ட கிடால்லா! காதப் பாக்கல?"

சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா எவன் தோட்டத்தில் மேய்ந்தாலும் விரட்டக் கூடாது, ஒரு சொல் கேட்கக் கூடாது. எங்கள் ஊரில் அதற்கு மறுபேச்சே இல்லை.

"அக்கா, கூட்டிட்டு வந்தது நானு. தண்டனை குடுங்க" என்றேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"சாமி வந்து சாப்ட்டுட்டுப் போயிருக்கு. அதுக்குத் தண்டனை குடுத்துட்டு நான் எந்த ஊருல போய்க் குடியிருக்க? போய்த் திருநீறு பூசிட்டுப் படுலே."

அதோடு முடிந்திருந்தால் கூடப் பரவாயில்லை. மறுநாள் விடிந்து போய்ப் பார்க்கிறேன், கிடா கடித்த கன்றுகளுக்கு அடியில் ஈரம். மாடசாமி வெறுங்குடத்தோடு இறங்கி வந்துகொண்டிருந்தான். "சாமி தின்ன மிச்சம்வே, சும்மா விட்டா நம்மளக் கேக்கும்" என்றான். மேற்குப் பக்கமும் போயிற்று எனக்கு.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டே உள்ளே நடந்தேன். நாவல் மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்திருந்தது சாட்சாத் அவனேதான். தலையெல்லாம் நரைத்திருந்தது.

"என்னவே செயலாளரே, வழி தப்பிட்டா?"

பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் பண்பொழிக்குக் குடிபோன பிறகு நடந்த ஊர்க்கதையெல்லாம் வந்தது. பேச்சியக்கா போய்ச் சேர்ந்துவிட்டார். அவன் மகன்கள் ஒருத்தன் போலீஸ், ஒருத்தன் பட்டாளம். மந்தையை எப்போதோ விற்றாயிற்று. ஊரில் இப்போது ஆட்டுச் சத்தமே இல்லை. எல்லா வீட்டிலும் கேஸ் அடுப்பு. விறகுக்கும் யாரும் வருவதில்லை. வனக்குழுவைக் கலைத்ததாக எனக்கு நினைவில்லை. விசாரிக்க ஒன்றும் இல்லாததால் யாரும் கூட்டம் கூட்டவில்லை, அவ்வளவுதான். தண்ணி சுமந்து ஏறின ஒற்றையடிப் பாதையைத் தேடினேன். புதர் மூடிவிட்டது. திட்டிக்கொண்டே ஒருவன் ஏற, ஊரே நின்று சிரித்த இடம் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அப்போதும் என் வயிறு அடங்கவில்லை பாருங்கள்.

"ஏன்வே, இங்கன ஓரமா ஒரு கன்னு நட்டுக்கிடுதேன். நானே தண்ணி சுமந்து ஊத்துதேன். அது ஒண்ணாவது எம் பேருல நிக்கட்டும்."

அவன் கண்ணைத் திறக்கவில்லை.

"மழை ஊத்திக்கிடும், நீரு சோலியப் பாரும்வே."