நான் செய்யாத பொருத்தனை

என் பத்து மாதப் பிள்ளை ஜெருஷா வீட்டில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த நேரத்தில், நான் தாராவியில் எங்கள் தமிழ்ச் சபையில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தேன். விரும்பிப் போகவில்லை. கர்த்தருக்கு நேர்ந்துகொண்ட ஒரு பொருத்தனை என்னைப் போக வைத்தது. அதுவும் நான் செய்ததல்ல.

கல்யாணமாகி நான்கு வருடம் எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஒரு ஸ்தோத்திரப் பண்டிகையன்று என் மாமியார் சபை நடுவில் எழுந்து நின்று, “கர்த்தர் ஒரு பிள்ளையத் தந்தா, எம் மருமவ ஒரு ஞாயிறுகூட தவறாம ஆர்கன் வாசிப்பா” என்றார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

சிறுமியாக இருந்தபோதே ஆர்கனில் உட்கார்ந்தவள் நான். முதல் வரியை வாசித்து நிறுத்தியதும், சபை மூச்சை இழுத்துப் பாடத் தொடங்குமே, அந்த நொடிக்காக வாரம் முழுதும் காத்திருப்பேன். அந்த ஆசையைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். ஜெருஷா பிறந்த பிறகு தையல் வலி ஆறுமுன்னே பெடல் மிதித்தேன்.

போன ஜூலையில் விடாத மழை. பிள்ளைக்குச் சளி, காய்ச்சல். ஞாயிறு காலை மூச்சில் ஒரு சத்தம் கேட்டது. நெஞ்சுக்குழி உள்ளே உள்ளே போனது. என் கணவர் விக்ரோலியில் ஷிப்டில் இருந்தார். “இன்னைக்கு நான் போகல அத்தை” என்றேன்.

“கர்த்தருக்குக் குடுத்த வாக்கு மக்கா. வெளையாட்டா? நீ போ, நான் பாத்துக்கிடுதேன்.”

“வாக்குக் குடுத்தது நீங்க. வாசிக்கிறது நான்.”

அதற்குள் சபைச் செயலாளர் போன் செய்தார். “என்னம்மா, நேரமாச்சு. பிள்ளைக்குச் சளி பிடிக்காத வீடு தாராவில எங்க இருக்கு?”

நான் படித்தவள். அந்த மூச்சு சரியில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு பயம்: போகாமல் இருந்து, அதனாலேயே பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? போனேன்.

ஞானப்பாட்டு வாசிக்கும்போதே ஜெபித்தேன். ஜெபமா அது, சண்டை. “ஆண்டவரே, உமக்கு இந்தப் பாட்டு வேணுமா, என் பிள்ளை மூச்சு வேணுமா? சொல்லும். இப்பவே சொல்லும்.”

மூன்றாம் சரணத்தில் கரண்ட் போனது. மின்சார ஆர்கன் ஊமையானது.

சபை நிற்கவில்லை. சுருதி விலகாமல், மழை நாளின் அரையிருட்டில், மழைச் சத்தத்துக்கு மேல் பாடிக்கொண்டே போனார்கள். ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை. என் கைகள் கட்டைகளின் மேல் சும்மா கிடந்தன. இதற்காகவா என் பிள்ளையை விட்டுவிட்டு வந்தேன்? எழுந்தேன்.

“எங்கம்மா போற? கரண்ட் இப்ப வந்துரும்” என்றார் செயலாளர்.

“வரட்டும்” என்றேன்.

வீட்டு வாசலில் மாமியார் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். பிள்ளையின் உதடு நீலமாகியிருந்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நிமோனியா என்றார்கள். உடனே ஆக்சிஜன் வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டரம்மா ஹிந்தியில் என்னைத் திட்டினார். எத்தனையோ வருடம் பம்பாயில் இருந்தும் ஹிந்தி தடுமாறும் என் மாமியார், “இஸ்கா நஹி, மேரா கல்தி” என்றார். இவள் தப்பில்லை, என் தப்பு. நான் அப்போது அவரை மன்னிக்கவில்லை.

ஜெருஷா பிழைத்தாள். இப்போது வீடெல்லாம் ஓடுகிறாள்.

மழைக்குக் கரண்ட் போவது ஒரு பதிலா என்று நானே என்னைப் பலமுறை கேட்டிருக்கிறேன். சபையில் மட்டும்தான் போனது என்று சொல்ல ஆசைதான். ஆனால் தெரு முழுக்கத்தான் போயிருந்தது. எனக்கு அது போதும். கேட்டேன், சொன்னார்.

அதற்குப் பிறகு செயலாளர் வந்து, “சபைப் பத்திரிகைக்குச் சாட்சி எழுதும்மா. நீ பொருத்தனையக் காப்பாத்துன, கர்த்தர் பிள்ளையக் காப்பாத்துனார்னு எழுது” என்றார். அதைக் கேட்டதும் அடங்கியிருந்த கோபம் மறுபடி எரிந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். இல்லை, செயலாளர் அண்ணன். பாதிப் பாட்டில் எழுந்து போனதால்தான் அவள் பிழைத்தாள். எழுந்து போக வழி திறந்தவர் கர்த்தர். அவருக்கே நன்றி.

இப்போது முடிந்த ஞாயிறுகளில் வாசிக்கிறேன், பழைய ஆசையோடு. முடியாத ஞாயிறுகளில், “இன்னைக்கு அவ வரமாட்டா” என்று மாமியாரே சபையில் சொல்லிவிடுகிறார்.

யாரோ செய்த பொருத்தனையைச் சுமக்கிற சகோதரிகளே, உங்கள் கோபத்தை மறைக்காமல் அவரிடம் கொண்டு போங்கள். அவர் முகம் சுளிக்கமாட்டார். பிள்ளைக்கு மூச்சு சரியில்லையென்றால் பிள்ளையோடு இருங்கள். சபையைப் பாட வைக்க அவருக்குத் தெரியும்.