கெளுத்தியின் வெள்ளைத் திட்டுகள்

கண்ணாடித் தொட்டியில் இருக்கும் கெளுத்தி மீனின் முதுகில் வெள்ளைத் திட்டுகள் வந்திருந்தன. அப்பா குனிந்து பார்த்தார். "அதத் தனியா எடுத்து வச்சிடும்மா. மத்த மீனுக்கும் ஒட்டிக்கும்."

எனக்கு ஏழு வயதானபோது அப்பாவின் கைகள் இப்படித்தான் வெளுத்தன. இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனியில் ரப்பர் கிளவுஸ் மாட்டிக்கொண்டு வேலை பார்த்தார். வீடு முழுக்க வேப்பெண்ணெய் நெடி. அம்மா அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் ஒதுக்கினாள். என் தலையைத் தடவ நீளும் கை பாதியிலேயே நின்றுவிடும். திட்டுகள் கிளவுஸ் முடியும் இடத்தில் கோடு போட்டதுபோல நின்றிருந்தன. கிளவுஸால் வந்ததோ என்று யாரும் யோசிக்கவில்லை. மறுநாளும் அதே கிளவுஸோடு ஷிப்டுக்குப் போனார்.

மீனின் படத்தைப் போனில் பார்த்த ஸ்ரீபெரும்புதூர் மீன் கடைக்காரர் சொன்னார்: "இது ஒட்டற நோய் இல்லீங்க. செதில் இல்லாத மீனு, தண்ணி கெட்டா தோலு வெந்துடும். தண்ணிய மாத்துங்க."

அப்பாவிடம் சொன்னேன். "ஒட்டாதாம்பா."

தொட்டியின் கண்ணாடியை வெளுத்த விரலால் தொட்டார். "அப்ப தண்ணிய மாத்திடு" என்றார்.

பிறகு தன் டம்ளரைக் கழுவி, அம்மா இறந்த பிறகும் மாறாத வழக்கப்படி, ஜன்னலில் தனியாகக் கவிழ்த்து வைத்தார்.