காட்டேரிக்கு ‘வாங்க’ சொல்லக் கூடாது

பிள்ளைகளா, உங்கள் செல்போனில் பேயும் பிசாசும் யாரோ செய்து வைத்தபடி வந்துவிடுகின்றன. எங்கள் வீட்டு ரத்தக்காட்டேரியை நாங்களே செய்தோம். நாங்கள் என்பது கூடத் தப்பு. செய்தது அக்கா. அக்காவுக்குப் பதினான்கு வயது, எனக்கு எட்டு.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, ஏற்காட்டில் ஒரு ஓட்டலில் ரூம் வேலை பார்த்தார். ரூமைக் காலி செய்தவர்கள் ஒரு ஆங்கிலப் புத்தகத்தையும் இருபது முகம் உள்ள ஒரு பகடையையும் விட்டுவிட்டுப் போக, மேனேஜரிடம் கேட்டுவிட்டு அவற்றைக் கிளியூரில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அந்த விளையாட்டில் பலகையும் கிடையாது, காயும் கிடையாது. ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, ‘நான் இதைச் செய்கிறேன்’ என்று வாயால் சொல்ல வேண்டும். அது பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை சொல்லும். அக்கா டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு ஒரு மாதம் அந்தப் புத்தகத்தைப் படித்தாள்.

புத்தகத்தில் இருந்த காட்டேரி கறுப்பு அங்கி போட்ட ஒரு பிரபு. படத்தைப் பார்த்த மாமா, “இவனென்ன கல்யாண பேண்டு வாசிக்கறவனாட்டம் இருக்கறான்?” என்றார். பூண்டைக் கண்டால் ஓடும் என்று போட்டிருந்தது. தினமும் ரசத்தில் பூண்டு தட்டிப் போடுகிற வீட்டில் அதற்கு யார் பயப்படுவது? அக்கா எல்லாவற்றையும் அடித்துவிட்டுக் கோடு போட்ட நோட்டில் புதிதாக எழுதினாள். அவளுடைய காட்டேரி ராத்திரிக்காகக் காத்திருக்காது. மேகம் இறங்கி வெயில் மறைந்தால் பகலிலேயே வரும். நமக்கு வேண்டியவர் முகத்தோடு வரும். கையில் நமக்குப் பிடித்த பண்டம் வைத்திருக்கும். புத்தகத்தில் இருந்ததில் ஒன்றை மட்டும் அவள் மாற்றவில்லை. உள்ளே இருப்பவர் கூப்பிடாமல் அது நிலைப்படி தாண்டாது.

அது மூன்று தடவை கேட்கும். முதல் தடவை பகடையில் ஐந்துக்கு மேல் விழுந்தால் நாம் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். இரண்டாம் தடவை பத்துக்கு மேல். மூன்றாம் தடவை பதினெட்டுக்கு மேல். விழாவிட்டால் ‘வாங்க’ என்று சொல்லியே ஆக வேண்டும்.

முதல் ஆட்டத்தில் அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு, “ஏனுங்க, ஊட்ல யாருங்க? மழை நொம்பப் பெய்யுதுங்க. சித்த ஒதுங்கிக்கட்டுங்களா?” என்றாள்.

மாமா பகடையைத் தொடக்கூட இல்லை. “அட, அதுக்கென்னங்க, வாங்க வாங்க!”

“மாமா, நீங்க செத்துட்டீங்க!”

“ஐயோ, வாய்ல வந்துருச்சு பாப்பா. ஊட்டுக்கு வந்தவங்கள வேற எப்படிக் கேக்கறது?”

“கழுத்துல ரெண்டு ஓட்டைங்க. எந்திரிச்சு அந்தப் பக்கம் போய் உக்காருங்க.”

“செத்தவனுக்குக் காபி உண்டா?”

அடுத்த நாலு ஆட்டத்திலும் மாமா இப்படியேதான் செத்தார். எங்கள் பக்கம் வாசலில் ஆள் நின்றால் ‘வாங்க’ என்பது மூச்சு விடுகிற மாதிரி வந்துவிடும். அதைச் சொல்லாமல் விட்டால் அடித்து விரட்டியதைவிடப் பெரிய அவமானம். நான் கெட்டிக்காரன், பகடையை உருட்டாமல் வாய் திறக்க மாட்டேன். ஆனால் மூன்றாம் தடவை எனக்கும் எண் விழாது. “பதினெட்டு நொம்ப அநியாயம்க்கா” என்று சண்டை போடுவேன். “அதுக்கு அவ்ளோ சக்தி சாமி” என்பாள் அக்கா. எப்படி ஆடினாலும் கடைசியில் அது உள்ளே வந்துவிடும்.

அப்போது அப்பா எங்களோடு இல்லை. போய் ஒன்றரை வருஷம். குடித்துவிட்டு வந்த ஒரு நாள், “இனி இந்த வாசப்படிய மிதிக்காதீங்க” என்று அம்மா சொல்லிவிட்டாள். அதை நானும் அக்காவும் கேட்டோம். அதன்பிறகு வீட்டில் யாரும் அவர் பேச்சை எடுத்ததில்லை.

கார்த்திகை மாசம். எனக்குக் காய்ச்சல் விட்டு இரண்டாம் நாள். அம்மா எஸ்டேட்டுக்குக் காபிப் பழம் பறிக்கப் போய்விட்டாள், அக்கா பள்ளிக்கூடத்தில். மத்தியானம் மேகம் இறங்கி, எதிரில் இருந்த சவுக்கு மரம்கூடத் தெரியவில்லை. கதவு தட்டுகிற சத்தம் கேட்டுத் திறந்தேன். மழையில் அப்பா நின்றார். கையில் தேங்காய் பன் பொட்டலம்.

எனக்கு அக்காவின் நோட்டு ஞாபகம் வந்தது. வேண்டியவர் முகம், பிடித்த பண்டம், பகல் மேகம்.

“ஏங்கண்ணு, அம்மா இல்லீங்களா?”

நான் ஓடிப்போய்ப் பகடையை எடுத்துவந்து நிலைப்படிக்கு உள்ளே உருட்டினேன். பதினொன்று. வாயை மூடிக்கொண்டேன்.

“நொம்ப நனைஞ்சுட்டேன் சாமி.”

பதினான்கு. அவர் பகடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரே ஒரு அடி எடுத்து வைத்திருந்தால் உள்ளே வந்திருக்கலாம். வைக்கவில்லை. அதனால் எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் போய்விட்டது.

“அப்பனை உள்ள கூப்புட மாட்டயா கண்ணு?”

நாலு விழுந்தது. ஆட்டப்படி நான் சொல்லியிருக்க வேண்டும். விரலால் பகடையைப் புரட்டி இருபது தெரிகிற மாதிரி வைத்தேன்.

அவர் குனிந்தார். பொட்டலத்தை வாசலுக்கு வெளியிலேயே வைத்துவிட்டு, பஸ் ரோட்டுப் பக்கம் இறங்கிப் போனார். நாலெட்டில் மேகம் மூடிக்கொண்டது.

சாயங்காலம் அக்கா வந்ததும் குதித்துக் குதித்துச் சொன்னேன். “அப்பா மாதிரியே வந்துச்சுக்கா! நான் ஏமாறவே இல்ல! மூணு தடவையும் நாந்தான் ஜெயிச்சேன்!”

அவள் பையைக் கழற்றாமலே ரோட்டுக்கு ஓடினாள். மத்தியானமே போய்விட்டது என்று நான் பின்னால் கத்தினேன். இருட்டுவதற்குள் தொப்பலாக நனைந்து திரும்பி வந்தாள். அம்மாவிடம் அவள் சொல்லவும் இல்லை, என்னைச் சொல்லவிடவும் இல்லை. அப்பா அதற்கப்புறம் வரவேயில்லை. அந்த நோட்டில் மூன்றாம் கேள்விக்குப் பக்கத்தில், எப்படியும் ‘வாங்க’ சொல்ல வைக்கிற அவ்வளவு பெரிய எண்ணை எதற்காகப் போட்டாள் என்பது, எனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகுதான் விளங்கியது.

அன்றைக்கு அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன், அல்லது மெச்சுவாள் என்று. இரண்டும் இல்லை. தலையைக்கூடத் துவட்டாமல் என் முன்னால் உட்கார்ந்து, ஒன்றே ஒன்று கேட்டாள்.

“கொடை வச்சிருந்தாரா?”

“இல்லக்கா” என்றேன். காட்டேரிக்குக் குடை எதற்கு என்று எனக்குச் சிரிப்பு வந்தது.