அலமேலுவின் பென்சில் வட்டங்கள்

அன்று அந்த அறையில் நான் சொல்லாமல் விட்டது சிறிய வாக்கியம்தான். "அவள் சொல்வது சரி, நானும் அந்த மலைக்காரிதான்." ஜெர்மன் மொழியில் அதைப் பிழையில்லாமல் சொல்ல அப்போது எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

சென்ற மாதம் அலமேலுவின் தம்பியிடமிருந்து கடிதம் வந்தது. மஞ்சள் காமாலை முற்றிச் சேலத்து மருத்துவமனையில் இறந்துவிட்டாள் என்று நான்கு வரியில் எழுதியிருந்தான். அவளுக்கு வயது இருபத்து நான்கு. ஜெர்மனியின் கார்ஹிங் ஊரில் அந்தக் கோடையில் அவளோடு சமைத்துச் சாப்பிட்டவர்களுக்கும், அவளிடம் சீட்டாட்டத்தில் தோற்றவர்களுக்கும் இதைத் தெரிவிக்க வேண்டியவள் நான். தெரிவிக்கும்போது மற்றதையும் சொல்லியாக வேண்டும்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு கோடையில் நான் ஆராய்ச்சி செய்துவந்த வானிலை ஆய்வுக்கூடம் பழங்குடி மாணவர்கள் மூவரை மூன்று மாதப் பயிற்சிக்கு அழைத்திருந்தது. நார்வேயின் வடகோடியிலிருந்து ஒருவன், சிலியிலிருந்து ஒருத்தி, கல்வராயன் மலையிலிருந்து அலமேலு. ஒவ்வொருவரும் தங்கள் ஊர்ப்பக்கத்து மழை, பனிப் பதிவுகளைச் செயற்கைக்கோள் காட்டும் அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மூவரில் ஒருவருக்கு முனைவர் படிப்புக்கு இடம் உண்டு என்று பேராசிரியர் முதல் நாளே சொல்லிவிட்டார். ஒரே மொழி என்பதால் அலமேலுவுக்குக் கடையும் பஸ்ஸும் காட்டும் வேலை எனக்கு வந்தது.

அவள் பெட்டியில் துணியைவிடச் சாமை அதிகம் இருந்தது. "அரிசி இங்க கெடைக்கும்னு எல்லாரும் சொன்னாங்கக்கா. இது கெடைக்கும்னு ஒருத்தரும் சொல்லலையே" என்றாள். விடுதிச் சமையலறையில் முதல் முறை சமைத்தபோது அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் சாமையைக் களைந்து, கல் அரித்து, தண்ணீர் வைத்து அடுப்பில் ஏற்றினேன். எவ்வளவு தண்ணீர் என்று அவளிடம் கேட்கவில்லை. அவள் ஒரு கணம் உரிப்பதை நிறுத்திவிட்டு மறுபடி தொடர்ந்தாள்.

நான் சேலம் நகரத்தவள் என்றுதான் கார்ஹிங்கில் எல்லோருக்கும் தெரியும். உண்மையில் என் ஊரும் கல்வராயன் மலைதான். ஓடையின் ஒரே கரையில் முதலில் அலமேலுவின் ஊர், அடுத்து என்னுடையது. பத்து வயதில் கீழே விடுதிக்குப் படிக்கப் போனவள் நான். கல்லூரியில் முதல் மதிப்பெண் வாங்கிய நாளில், என் சாதிச் சான்றிதழைப் பார்த்திருந்த ஒருத்தி, "உனக்கு எதுக்குடி இவ்ளோ மார்க்? உங்களுக்கெல்லாம் பாஸ் பண்ணாலே போதுமே" என்று சிரித்தாள். விமானம் ஏறும்போது அந்தச் சிரிப்பை இங்கே கொண்டுவரக் கூடாது என்று முடிவு செய்தேன். அதற்காக மலையையும் சேர்த்து விட்டுவிட்டேன்.

மாலைகளில் எங்கள் தளத்தைத் துப்புரவு செய்ய வரும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருந்தார். ஒரு நாள் வாளியைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்து, "பிள்ளையள், நீங்கள் ரெண்டு பேரும் ஒரே ஊரோ? கதைக்கேக்கை ஒரே இழுவையாக் கிடக்கு" என்றார்.

"இல்லக்கா, நான் சேலம் டவுன்."

"ஓமோ? பிறகேன் இவ சிரிக்கிறா?"

"ஒண்ணுமில்லக்கா, வேற ஏதோ நெனச்சுட்டேன்" என்றாள் அலமேலு. திரையைப் பார்த்துத் தட்டச்சு செய்யத் தொடங்கினாள்.

அவள் கண்டுபிடித்தது இதுதான். மலைமேல் இருந்த ஒரு மழைமானியின் பதிவில், ஐப்பசி கார்த்திகை மாதங்களில் மூன்று நாள், நான்கு நாள் தொடர்ந்து பூஜ்யம் இருந்தது. செயற்கைக்கோளோ அதே நாட்களில் அந்த மலைமேல் அடர்ந்த மேகத்தைக் காட்டியது. எங்கள் குழு செயற்கைக்கோள் கணக்கில்தான் பிழை என்று எண்ணி அதைத் திருத்திக்கொண்டிருந்தது. அலமேலு அச்சிட்ட தாளில் அந்தப் பூஜ்யங்களைப் பென்சிலால் வட்டமிட்டாள். ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் ஒரு பெரிய எண் இருந்தது.

ஆகஸ்ட் மாதக் கடைசியில் குழுவின் முன் அதைச் சொன்னாள். மழைமானி ஓடைக்கு அக்கரையில் வனத்துறைப் பங்களாவில் இருக்கிறது. பெருமழையில் ஓடையைக் கடக்க முடியாது. கட்டத்தைக் காலியாக விட்டால் மேலிடத்திலிருந்து திட்டு வரும். அதனால் அளவு எடுப்பவர் பூஜ்யம் போட்டுவிடுவார். தண்ணீர் வடிந்ததும், மானியில் சேர்ந்திருந்ததையெல்லாம் ஒரே நாள் கணக்கில் எழுதுவார். அதிக மழை பெய்த நாட்கள்தான் பதிவில் மழையே இல்லாத நாட்கள்.

"இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று ஒரு ஆய்வு மாணவர் கேட்டார்.

அவள் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள். "அளவு எடுப்பவர் என் அப்பா."

அறையில் சிலர் புன்னகைத்தார்கள். கேலி இல்லை, ஆனால் நம்பிக்கையும் இல்லை. குடும்பக் கதையை வைத்துத் தரவை மாற்ற முடியாது என்றார் அந்த மாணவர். பேராசிரியர் நியாயமான மனிதர். "அந்த இடத்தை அறிந்த வேறு யாராவது இதை உறுதி செய்தால் போதும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்கள் அருகிலிருந்து வந்தவர்தானே?"

அந்த ஓடையை நான் கயிற்றைப் பிடித்துக் கடந்து பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். கடக்க முடியாத நாட்களில் இக்கரையில் நின்று, அக்கரையில் தெரியும் பங்களாவைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

"நான் நகரத்தில் வளர்ந்தவள். அந்தப் பகுதி எனக்குத் தெரியாது" என்றேன்.

அலமேலு என்னைப் பார்க்கவில்லை. தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பேராசிரியர் தன் குறிப்பேட்டில் ஏதோ எழுதிவிட்டு அடுத்தவரை அழைத்தார்.

அன்று ரயில் நிலையத்துக்குப் போகும் பஸ்ஸில் அவள்தான் முதலில் பேசினாள். "எங்கப்பா இல்லாததை எழுதுனாருன்னு பத்துப் பேர் முன்னாடி சொல்லிட்டேன்க்கா. அதான் ஒரு மாதிரியா இருக்குது."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"சாமைக்கு நீங்க தண்ணி வெச்சப்பவே எனக்குத் தெரியும். பயப்படாதீங்க, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குப் பதில் கிடைத்திருக்கும். அவள் என்னைப் பாதுகாப்பதாக நினைத்துச் சொன்னாள். நன்றி என்று சொல்லிவிட்டேன். இந்த ஒரு சொல்லை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசுகிறது.

இடம் நார்வே மாணவனுக்குப் போனது. அவனும் தகுதியானவன்தான். அலமேலுவுக்குக் கொடுத்த மதிப்பீட்டில் "உழைப்பாளி, முடிவு உறுதிசெய்யப்படவில்லை" என்று இருந்தது. விமான நிலையத்தில் அந்தப் பென்சில் வட்டத் தாள்களை என்னிடம் கொடுத்தாள். "எனக்கு மனப்பாடம்க்கா. நீங்க வெச்சுக்கோங்க. எப்பவாச்சும் தேவைப்படும்." ஊரிலிருந்து இரண்டு கடிதம் எழுதினாள். மறு ஆண்டும் அழைப்பார்களா என்று கேட்டிருந்தாள். ஒன்றுக்கு மட்டும் பதில் போட்டேன். இங்கே பனி விழத் தொடங்கிவிட்டது என்று எழுதினேன்.

என் முகவரி எப்படிக் கிடைத்தது என்பதையும் தம்பி எழுதியிருந்தான். "அக்கா நோட்டுல இருந்துச்சு. பக்கத்துல 'நம்ம ஊர் அக்கா'ன்னு எழுதியிருந்தாங்க." அவள் யாரிடமும் சொல்லவில்லை. தனக்குள் மட்டும் என்னை என் ஊரிலேயே வைத்திருந்திருக்கிறாள்.

அவளிடமிருந்து என்னிடம் இருப்பவை அந்தத் தாள்களும், அந்த மூன்று சொற்களும்தான். தாள்களைப் பாதுகாத்துவிடலாம். மூன்று சொற்களுக்கு நான் இன்னும் தகுதியாகவில்லை.

கடிதம் வந்த மறுநாள் தாள்களை எடுத்துக்கொண்டு பேராசிரியரின் அறைக்குப் போனேன். நான் எந்த ஊர் என்று சொன்னேன். ஓடையைப் பற்றிச் சொன்னேன். அவர் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். பிறகு அந்த மாணவியின் பெயர் என்ன என்று கேட்டார். எழுதிக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் அந்தப் பூஜ்யங்கள் எல்லாம் 'அளவு எடுக்கப்படாத நாட்கள்' என்று மாற்றப்பட்டன. அச்சுக்குப் போகக் காத்திருந்த எங்கள் குழுவின் கட்டுரை, அந்தத் திருத்தத்தோடு நேற்று வெளிவந்தது. நன்றி சொல்லும் வரியில், அந்த இடத்தைப் பற்றிய விவரங்களைத் தந்தவர் என்று என் பெயர் முழுதாக இருக்கிறது. அலமேலு, "கோடைப் பயிற்சிக்கு வந்த ஒரு மாணவி" என்று இருக்கிறாள்.