தசம் போட்ட பதிப்பு எண்

படகில் வைக்கும் சின்னப் பெட்டி ஒன்று செய்கிறோம். அடியில் எத்தனை அடி தண்ணீர் இருக்கிறது என்று அது திரையில் காட்டும். அரியாலைக்குக் கிட்ட இருக்கும் திருநெல்வேலியில் ஒரு கடைக்கு மேல்மாடி அறை. நானும் என்னைவிடப் பத்து வயது இளைய பெண்பிள்ளை ஒருத்தியும் மட்டும்தான். பெட்டிக்குள் ஓடும் இயங்குதளத்தின் மையமான கேர்னலில், ஆழம் அளக்கும் கருவிக்கான பகுதியை எழுதுவது என் பொறுப்பு. எனக்குப் பிடித்த வேலை.

அந்தக் கருவியின் பதிப்பு எண்ணைக் கேர்னல் மற்ற நிரல்களுக்கு எப்படிச் சொல்ல வேண்டும் என்பதில் எங்களுக்குள் இழுபறி. ஒரே கோப்பில் 1.9 என்று நடுவில் தசப் புள்ளி போட்டு எழுதினால் போதும் என்றேன் நான். இரண்டு கோப்பு, ஒவ்வொன்றிலும் ஒரு முழு எண் என்றாள் அவள். ஒருமுறை வெளியே விட்டால் மாற்ற முடியாது. அதை நம்பி மற்றவர்கள் எழுதிய நிரல்கள் எல்லாம் விழுந்துவிடும். அது எனக்கும் தெரியும். ஆனாலும் நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

"உது வீண் வேலை, பிள்ளை," என்றேன். அவள் தன் திரைக்குத் திரும்பினாள்.

வெளியிட இரண்டு நாள் இருக்க, அரியாலையில் எங்கள் பழைய பெட்டியைப் பாவிக்கும் மீன்பிடிக்காரர் ஒருவரின் படகில் புதிய கருவியைப் பூட்டினேன். ஆழம் குறைந்த பரவைக்கடலில் கொஞ்சத்தூரம் போனதும் அவர் ஆழம் பார்க்கக் கோலைத் தண்ணீருக்குள் விட்டார். பிறகு திரையைப் பார்த்தார். மூலையில் பதிப்பு எண்ணும் இருந்தது.

"தம்பி, பழசைப் பூட்டிப்போட்டியள். ஆழமும் பிழை. முந்தினது ஒண்டு தசம் ஒன்பது. இது ஒண்டு தசம் ஒண்டு எல்லோ?"

திரையில் இருந்தது 1.10.

"அது தசம் இல்லை அண்ணை. ஒன்பதுக்குப் பிறகு பத்து."

"அப்ப ஏன் தசம் போட்டனியள்?"

எரிச்சல் வந்தது. அடுத்த நிமிடம் மடிக்கணினியைத் திறந்து நிரலைப் பார்த்தேன். ஆழத்தைக் கணக்கிடும் நிரலும் நான் எழுதியதுதான். அதுவும் 1.10 ஐத் தசம எண்ணாக வாசித்து, 1.9 ஐவிடக் குறைவு என்பதால் கருவி பழையது என்று முடிவெடுத்து, பழைய கணக்கைப் போட்டிருந்தது. எழுதியவனே ஏமாந்தால் ஊரார் என்ன செய்வார்கள்?

வெட்கமாகத்தான் இருந்தது. அதைவிட, இன்னும் வெளியே விடவில்லை என்ற ஆறுதல் பெரிதாக இருந்தது. அறைக்குத் திரும்பியதும் அவளிடம் சொன்னேன்.

"நீர் சொன்னதுதான் சரி. இரண்டு கோப்பாய் மாத்துவம். ரெண்டு நாள் காணுமோ தெரியேல்லை."

அவள் தன் திரையை என் பக்கம் திருப்பினாள். ஒரு கோப்பில் 1, மற்றதில் 10. நிரல் ஆழத்தைச் சரியாகக் கணக்கிட்டுக்கொண்டிருந்தது.

"போன கிழமையே எழுதிட்டன் அண்ணை. நீங்கள் ஒருக்காக் கடலுக்குப் போயிட்டு வரட்டும் எண்டு வைச்சிருந்தனான்."