அணைந்த திரை

எங்கள் பள்ளி கிளார்க்குக்குப் பூட்டக்கா என்று பெயர் வைத்ததே நான்தான். பதினோரு வருடமாகப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கிறேன், அந்த உரிமைகூட இல்லையா? அலமாரி, இழுப்பறை, டீத்தூள் டப்பா வரைக்கும் பூட்டுவார். அறைக் கதவை மட்டும் பூட்டக் கூடாது. வருகிற பெற்றோர் உள்ளே உட்காரட்டும் என்று தலைமையாசிரியர் உத்தரவு. கம்ப்யூட்டரையும் அணைக்க மாட்டார். அது கிழடு, அணைத்தால் மறுபடி வேலைக்கு வரக் கால் மணி நேரம் பிடிக்கும். சாப்பிடப் போகும்போது திரையின் பொத்தானை மட்டும் அழுத்துவார். திரை கறுத்துவிட்டால் எல்லாம் அணைந்துவிட்டதாக அவர் கணக்கு. அடியில் பெட்டி உறுமுவது எனக்குக் கேட்கும். நானும் அப்படித்தான் செய்கிறேன் என்பதால் வாயைத் திறந்ததில்லை.

அன்று ஒரு சிறுமியின் மாற்றுச் சான்றிதழைத் தயார் செய்துகொண்டிருந்தார். அடிக்கிற புருஷனிடமிருந்து தப்பி, அவள் அம்மா மகளோடு வேறு ஊருக்கே போய்விட்டாள். "புது விலாசம் உங்களுக்கு மட்டும்தான் தெரியும்க்கா. அவர் வந்து கேட்டா சொல்லிடாதீங்க" என்று கையைப் பிடித்துக் கெஞ்சியிருந்தாள். அவன் இரண்டு முறை வந்தான். இரண்டு முறையும் பூட்டக்கா முகத்தில் அடித்தாற்போல் பேசி அனுப்பினார்.

சாப்பிட்டுத் திரும்பினோம். திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. சிறுமியின் பெயர், கீழே புது விலாசம்: ஊர், தெரு, கதவு எண்.

"நான் அணைச்சுட்டுத்தானே போனேன்?" என்றார் பூட்டக்கா.

வாசலுக்கு ஓடினேன். "அந்தப் பாப்பாவோட அப்பா வந்தாரு. உள்ள உட்காரச் சொன்னேன்" என்றார் வாட்ச்மேன். "அஞ்சே நிமிஷத்துல கார எடுத்துட்டுப் பறந்துட்டாரே!"

பூட்டக்கா சிறுமியின் அம்மாவுக்குப் போன் போட்டார். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். நான் போலீசைக் கூப்பிட்டேன். ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். எப்போது என்று கேட்டதற்கு மழுப்பினார்கள். வாய்க்கு வந்தபடி கத்தினேன். அந்த ஊருக்குக் காரில் ஒன்றரை மணி நேரம். அதில் ஒரு மணி நேரம் போயே போய்விட்டது. "நானே காட்டிக் குடுத்துட்டேனே" என்று பூட்டக்கா அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

பத்தொன்பதாவது முறை அவள் எடுத்தாள்.

"வேலையில இருந்தேன்க்கா, போன் பைக்குள்ள கிடந்துச்சு."

பூட்டக்கா ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

"பாப்பா எங்கேம்மா இருக்கா?" என்று கேட்டார்.

"என்கூடத்தான் இருக்கா" என்றாள். "அந்த வீட்டு ஓனர் திடீர்னு காலி பண்ணச் சொல்லிட்டாரு. போன வாரமே வேற இடத்துக்கு வந்துட்டோம்க்கா. அந்த வீடு இப்ப சும்மா கிடக்கு."

பூட்டக்கா மேசையில் தலையைச் சாய்த்து அழுதார். நானும் அழுதேன்.

"பாப்பாவ ஸ்கூல்ல சேர்க்கச் சான்றிதழ் வேணுமேக்கா. புது விலாசம் சொல்றேன், எழுதிக்கிறீங்களா?"

பழக்கத்தில் பேனாவை எடுத்தவர் அதைக் கீழே வைத்துவிட்டார்.

"வேண்டாம்மா" என்றார். "என்கிட்ட சொல்லாத."